தாய்மொழித் தாக்கம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் டீச்சர் வீட்டு கேட்டுத் தூணில் ஒரு மரப் பலகை இருக்கும். டீச்சருடைய வீட்டுக்காரரின் பெயரை அதில் செதுக்கியிருப்பார்கள். எழுத்து ஆங்கிலம்தான், ஆனால் அது தமிழ்ப் பெயர் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். 1991 டிசம்பரில் ஒரு காலை நானும் அம்மாவும் அந்த கேட்டுக்கு முன்னால் போய் நின்றபோது பலகையைக் காணோம். திருகாணி இருந்த நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா அந்த வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது, ஞாயிற்றுக்கிழமையானால் மீன் கழுவுவது. நாங்கள் நீலசந்திராவில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். சுவரில் புத்தர் படம், அதன் கீழே என் பள்ளிக்கூடப் பை. அப்பா பெயின்டர். கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றி மெல்லிய கோடு இழுப்பார்களே, அந்த வேலையில் அவருக்குப் பெயர் உண்டு. சாரத்தின் மேல் நின்று, கையை மேலே தூக்கியபடி, ஒரு மூலையில் ஆரம்பித்து அடுத்த மூலை வரை கோடு பிசகாமல் கொண்டுபோவார். மேஸ்திரிகள் வீடு தேடி வந்து அவரைக் கூப்பிட்டுப் போவார்கள்.

அந்த வாரம் காவிரித் தண்ணீர்த் தகராறில் ஊர் கொழுந்துவிட்டு எரிந்தது. அப்பா சந்தாபுராவில் ஒரு புது வீட்டு வேலைக்குப் போனவர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். எங்கள் சந்து முழுக்கத் தமிழ் ஆட்கள் என்பது ஊருக்கே தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு கடையை எரித்தார்கள். மறுநாள் விடிந்தபோது சந்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. போக இடம் இருந்தவர்கள் போய்விட்டார்கள். எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"டீச்சரம்மா வீட்டுக்குப் போயிடலாம்டி. பின்னாடி சாமான் ரூமுல படுத்துக்கலாம். அவங்களும் நம்ம ஆளுங்கதானே" என்றாள்.

ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியிருந்தார்கள். ரேஷன் கார்டையும் எனக்கு ஒரு மாற்று உடையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தெருவில் வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் இருவருக்கும் கன்னடம் நன்றாக வரும், இருந்தாலும் பயம். ஆஸ்டின் டவுன் வழியாக, ட்ரினிட்டி தாண்டி, அல்சூர் ஏரிக்கரையோடு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தோம். என் செருப்பு வார் அறுந்தபோதுகூட நான் சொல்லவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கேட்டில் புதிதாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அம்மா மெதுவாக, "டீச்சரம்மா" என்று கூப்பிட்டாள். டீச்சர் வெளியே வந்து படியில் நின்றார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு மூன்று பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முதலில் அவர்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"யாரு பேக்கு நிமகே? இல்லி தமிளரு யாரூ இல்லா. ஹோகி."

யார் வேண்டும் உங்களுக்கு, இங்கே தமிழர்கள் யாரும் இல்லை, போங்கள். அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் தங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசிக்கொள்வார்கள். டீச்சர் தமிழ் பேசுவது அம்மாவிடம் மட்டும். ஒன்பது வருடமாகச் சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்க்க, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் தமிழில் பேசியவர். அம்மாவுக்கு அது சட்டென்று மண்டையில் ஏறவில்லை. அடையாளம் தெரியவில்லை போல என்று தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கி, "நான்தான் டீச்சரம்மா" என்றாள்.

டீச்சர் இன்னொரு தடவை "ஹோகி" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாடி ஜன்னலில் அவருடைய மகன் நின்றிருந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். வலைத் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தான். நாங்கள் திரும்பி நடக்கும் வரை திரையை விடவில்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே பயம்தான் என்று நினைத்துக்கொண்டு அம்மா போயிருந்தாள். அவர்களுக்குப் பூட்டிக்கொள்ள ஒரு கேட் இருந்தது.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போடும் கன்னடக்கார அம்மா ஒருத்தி நடந்த எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "ஒளகே பாரம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். ஒரு கார் ஷெட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை. ஊரார் சட்டைகள் கொடியில் தொங்க, அதன் கீழே இரண்டு நாள் இருந்தோம். கேட்டவர்களிடம் எங்களைத் தும்கூரிலிருந்து வந்த தங்கை வீட்டார் என்று சொன்னாள். களி கிண்டிப் போட்டாள்.

இரண்டாம் நாள் அப்பா சந்தாபுராவிலிருந்து நடந்தே நீலசந்திராவுக்கு வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து, நாங்கள் இங்கேதான் வந்திருப்போம் என்று நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார். கேட்டுக்கு உள்ளேயிருந்தே, யாரும் வரவில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். அந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இஸ்திரிக்காரம்மாவின் அறை வாசல் தெரியும். நாங்கள் உள்ளே போனதை அவர்கள் பார்த்தார்கள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. கையை நீட்டி அங்கே என்று காட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம். அப்பா எங்களைத் தேடி அல்சூர் பக்கம் போனார். அங்கே எதற்கோ மிரண்டு ஓடிய கூட்டத்தில் கீழே விழுந்து மிதிபட்டார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. கட்டுப்போட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவரால் பிரஷ்ஷைத் தலைக்கு மேலே பிடிக்க முடியவில்லை. ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

அம்மா இரண்டாவது வாரமே டீச்சர் வீட்டு வேலைக்குத் திரும்பப் போனாள். நான் அவளோடு சண்டை போட்டேன். "உங்கப்பா கையி இப்டி ஆயிடுச்சி. வேற எந்த வூட்ல உடனே சேத்துக்குவாங்க, சொல்லு" என்றாள். அன்று சாயங்காலம் டீச்சர் கொடுத்தனுப்பியதாக ஒரு பழைய நைலான் புடவையும் பட்டர் பேப்பரில் சுற்றிய ப்ளம் கேக்கும் கொண்டுவந்தாள். கேக்கைச் சாக்கடையில் வீசினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வீசவில்லை, தின்றேன். மிகவும் ருசியாக இருந்தது. அதற்கும் சேர்த்து நான் அவர்களை மன்னிக்கவில்லை. பொங்கலுக்கு அப்புறம் பலகை மறுபடி தூணில் ஏறியது.

லீவு நாட்களில் அம்மாவுக்குத் துணையாக நானும் அந்த வீட்டுக்குப் போவேன். டீச்சர் வராந்தாவில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பார். நான் ஜன்னல் கம்பி துடைப்பேன். ஒரே கம்பியைப் பத்துத் தடவை துடைப்பேன். உதட்டைக் கடித்துச் சொல்லும் எழுத்து எது, உதட்டைக் குவித்துச் சொல்லும் எழுத்து எது, வார்த்தையில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும், கேள்வியின் கடைசியில் குரல் எங்கே ஏறும், எல்லாவற்றையும் அவர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டேன். வீட்டில் அப்பாவின் ஷேவிங் கண்ணாடிக்கு முன்னால் நின்று டீச்சரைப் போலவே வாயை வைத்துப் பழகுவேன். டீச்சர் வீட்டில் இருந்ததிலேயே விலை உயர்ந்த சாமான் அந்த ஆங்கிலம்தான் என்பதும், அதை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மேசையில் கிடந்த பேப்பரில் ஒரு வரியை வாய்விட்டுப் படித்துவிட்டேன். டியூஷன் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் படிக்கிறே. ஆனா இதெல்லாம் உனக்கு எதுக்கு? தையல் கத்துக்கோ, சோறு போடும்" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்வதாகவே நினைத்தார்.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், பி.யூ.சி., பகலில் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்துகொண்டே மாலைக் கல்லூரியில் பி.காம். பெங்களூரில் கால் சென்டர்கள் முளைத்தபோது முதல் ஆட்களில் ஒருத்தியாகச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் போனை விட்டு எழுப்பி என்னைக் குரல் பயிற்சியாளராக்கினார்கள். எந்தக் கான்வென்டில் படித்தாய் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்பார்கள். காக்ஸ் டவுனில் என்று சொல்வேன்.

வேலைக்கு வருகிறவர்களின் பேச்சைச் சோதித்து ஒரு படிவம் நிரப்புவது என் பொறுப்பு. அதில் முக்கியமான கட்டம் எம்.டி.ஐ., அதாவது தாய்மொழித் தாக்கம். பேசுகிற ஆங்கிலத்தில் தாய்மொழி எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுத வேண்டும். குறைவு என்று எழுதினால் ஆள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அதிகம் என்று எழுதினால் வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குத் திரும்ப வரக் கூடாது.

2003இல் ஒரு நாள் காலைப் பட்டியலில் டீச்சர் மகனின் பெயர் இருந்தது. அப்பன் பெயரும் காக்ஸ் டவுன் விலாசமும் பக்கத்திலேயே இருந்தன. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டான் என்றும், அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார் என்றும், நிச்சயதார்த்தம் முடிந்து பெண் வீட்டார் இவனுடைய வேலைக்காகக் காத்திருக்கிறார்கள் என்றும் அம்மா அவ்வப்போது சொல்லியிருந்தாள். அவனை வேறு ஒருவருடைய அறைக்கு மாற்றிவிட்டிருக்கலாம். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

டை கட்டிக்கொண்டு வந்தான். நான் உள்ளே போனதும் எழுந்து நின்று "குட் மார்னிங், மேம்" என்றான். அவன் வீட்டு வராந்தாவைக் குனிந்து துடைத்தவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த 'மேம்' எனக்கு இனித்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. என் பேனா எழுதவில்லை என்று பொய் சொல்லி அவன் பேனாவைக் கேட்டேன். "ஷ்யூர், மேம்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்கும் அவனுக்கும் ஆசிரியர் ஒருவர்தான், ஆனால் அவன் தொட்டிலிலேயே கேட்டவன். குறை சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை. பத்து நிமிடம் பேசிய பிறகு, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?

"இங்கிலீஷ், மேம். ஒன்லி இங்கிலீஷ்."

தமிழ் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பட்டியலில் பெயரைப் பார்த்தபோதே முடிவு பண்ணிவிட்டேன். அவன் பேனாவாலேயே அந்தக் கட்டத்தில் எழுதினேன்: அதிகம். மொழி: தமிழ்.

அவன் வெளியே காத்திருந்தபோது, பதிவைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வந்த மேனேஜர், தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். ர-வை உருட்டுகிறான், பழகாத காதுக்குத் தெரியாது என்றேன். என் காதின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. போட்டுவிட்டார். வெளியே வந்து அவனிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "தேங்க் யூ, மேம்" என்றான். அன்று மத்தியானம் கேன்டீனில் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து அம்மா வேலையிலிருந்து வந்து, கீரையை முறத்தில் கொட்டி ஆய்ந்துகொண்டே சொன்னாள். பையனுக்கு ஒரு கம்பெனியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி காரணத்தையும் சொல்லிவிட்டதாம். டீச்சர் சமையலறையில் உட்கார்ந்து, என் பிள்ளை பேச்சில் தமிழ் வாடை அடிக்குதாம் என்று அழுதாராம்.

"அது நான்தாம்மா" என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பேனா வாங்கியதைக்கூட விடவில்லை. பன்னிரண்டு வருடமாக அவளுக்காக ஏதோ சேர்த்து வைத்து இப்போது கொண்டுவந்து கொடுப்பது போன்ற பெருமை எனக்கு. அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி? அன்னிக்கி அந்த கேட்டாண்ட நின்னது நானு" என்றாள்.

நானும்தானே நின்றேன் என்றேன்.

"நீ எம் பக்கத்துல நின்னே. அவ என்னைத்தான் யாருன்னு கேட்டா." முறத்தை நகர்த்தி வைத்தாள். "அன்னிலருந்து இன்னிக்கி வரிக்கும் அந்த வூட்ல நான் ஒரு வார்த்த தமிழ் பேசினது கெடியாது. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியும், ஆனால் புரிந்திருக்கவில்லை. லீவில் கூடப் போனபோதெல்லாம் அம்மா அங்கே கன்னடம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பயந்துபோய் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்து அதற்காகவும் அவள் மேல் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அவள் வாயாலேயே சொன்னாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், டீச்சர் பழையபடி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தமிழில் ஏதோ கேட்க, அம்மா கன்னடத்தில் பதில் சொன்னாள். டீச்சர் முதலில் சிரித்தாராம். பிறகு திட்டினாராம். ஒரு தடவை கையைப் பிடித்து, போதும்டி, விட்டுடு என்று கெஞ்சினாராம். அம்மா மரியாதை குறையாமல், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளாமல், எல்லாவற்றுக்கும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அந்த ஆங்கில வீட்டில் டீச்சருக்குத் தன் பாஷையில் வாயாட அம்மாவை விட்டால் ஆள் கிடையாது. அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

"நான் சம்பாதிக்கிறேன், வேலையை விட்டுடுன்னு எத்தினி வாட்டி சொன்னே. எதுக்குப் போனேன்னு நெனச்சே?" என்று கேட்டுவிட்டு மறுபடி கீரையில் கை வைத்தாள். "இப்ப பாரு, அவ அழும்போது எனக்குப் பாவமாப் போச்சி. நீ பண்ணது அது."

அப்பாவுக்கும் விஷயம் தெரிந்தது. "நல்லாப் பேசற பையனாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, தேய்ந்த குரலில், "என்னாண்டகூட மேஸ்திரிங்க அப்டித்தான் சொல்லுவாங்க. நல்லாக் கோடு போடறேன்னு" என்றார். அவர் என்னைக் கண்டித்தாரா, என்னோடு சேர்ந்துகொண்டாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பெண் வீட்டார் சில மாதம் பார்த்துவிட்டு நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டார்கள். அதற்கு நான் மட்டும் காரணமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் இருந்த சித்தப்பா ஒருவர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். போய் ஒரு வருடத்தில் அங்கேயே கல்யாணம், கார், வீடு. எங்கள் அப்பாவின் கையைச் சரி செய்ய ஊரில் எங்களுக்கு ஒரு நல்ல டாக்டரைச் சொல்லக்கூட ஆள் இல்லை. அவர்களுக்கு ஒரு கதவு சாத்தினால் கடல் தாண்டி ஒரு கதவு திறந்தது. நான் முழு பலத்தோடு அடித்த அடி அவனை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. செய்ததற்காக இல்லை. செய்தது போதாமல் போனதற்காக.

2007இல் டீச்சர் தனியானார். வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டைக் கட்டடக்காரர்களுக்கு விற்றுவிட்டு மகனிடம் கிளம்பினார். கடைசி நாள் அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை கொடுத்து, நீ இல்லாமல் அங்கே எப்படி இருக்கப் போகிறேனோ என்று தமிழில் சொல்லி அழுதாராம். அம்மா புடவையை வாங்கிக்கொண்டாள். "பர்த்தினம்மா" என்று கன்னடத்தில் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை நான் அந்தக் கட்டத்தில் எழுதியபோதே இழந்துவிட்டிருந்தேன்.

இனியாவது வீட்டில் இரு என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதம் இருந்தாள். பிறகு எங்களுக்குத் தெரியாமல் புதிதாக எழும்பிய ஓர் அடுக்குமாடியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பெரிய சம்பளம் வாங்குகிற மகளின் அம்மா ஊர் வீட்டில் சமைப்பதா என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. எப்படிப்பட்ட ஆட்கள் அவர்கள் என்று கேட்டேன்.

"இந்திக்காரங்க. அவங்க பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவங்களுக்குப் புரியாது" என்றாள். "கையக் காட்டுவாங்க, செய்வேன். நிம்மதியாக் கீது."